சொறி நாய் இல்லாத ஊர்

கொலை வழக்கு என்றால் பிணமாவது எங்காவது நிழலில் கிடக்கும். எங்களுக்கு வாய்த்தது ஓர் ஆயில் எஞ்சின். அதுவும் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் ரோட்டில், வாடகை சைக்கிளின் கேரியரில் முதலாளியை உட்காரவைத்துக்கொண்டு நான் மிதித்தே தீரவேண்டிய தூரத்தில். செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் அழுதது. அழுகிற தெம்புகூட எனக்கு இல்லை.

கேரியரில் இருந்தவர் துப்பறியும் சூசைமாணிக்கம். ரகசியப் போலீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பூட்டுக்கடை ஒன்றின் மாடியில் ஆபீஸ் போட்டவர். முழங்காலில் வாதம். மூக்கில் எந்நேரமும் பொடி. எந்த வழக்கு வந்தாலும் இதுதான் கடைசி என்பார். நான் அவருடைய உதவியாள் கிதர் முகம்மது, பேகம்பூர்க்காரன். அவர் யோசிப்பார், நான் மிதிப்பேன் என்பது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு.

முந்தின நாள் மாடியேறி வந்தவள் பொன்னழகு. கருக்காம்பட்டியில் சின்ன வெங்காயம் போட்டிருக்கும் சம்சாரி. புருஷன் கிணற்றுக்கு எஞ்சின் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த வருஷம் சூயஸ் கால்வாயை அடைத்துவிட்டார்கள். எகிப்தில் கப்பல் நின்றால் கருக்காம்பட்டியில் தண்ணீர் ஏன் நிற்கவேண்டும் என்று நான் கேட்டேன். கப்பலில் வரும் எண்ணெயைக் குடித்துப் பழகிய எஞ்சின் வேறு எதைக் குடிக்கும் என்று சார் திருப்பிக் கேட்டார். ஊர் ஊருக்கு எஞ்சின்கள் சும்மா நின்றன. பரணில் போட்ட கமலையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொன்னழகு தன் ஜோடி மாட்டை வைத்து இறைத்துக்கொண்டிருந்தாள். பாதி வயலுக்குத்தான் தண்ணீர் எட்டியது. மீதி மஞ்சளடித்துவிட்டது.

ஊரில் ஒரே ஒரு எஞ்சின் மட்டும் நாள் தவறாமல் ஓடியது. பக்கத்து வயல் வேலுசாமியுடையது. புங்கங்கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெயில் ஓடுகிறது என்பது அவர் பேச்சு. ஐந்து வீடு சேர்ந்து ஒரு செக்கு மில் போட்டால் ஐந்து எஞ்சினும் ஓடும் என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பொன்னழகின் பங்குக்கு அவளிடம் இருந்தது அந்த ஜோடி மாடுதான். மூன்றாம் நாள் விடிந்ததும் மாட்டுத் தரகன் கயிற்றோடு வந்துவிடுவான்.

"மாட்டை வித்துட்டு, எஞ்சினும் ஓடலேன்னா, நானும் என் மகளும் வாளியைக் கட்டித்தான் இறைக்கணும்யா" என்றாள். "அது நெசமா பொய்யா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

இதுதான் வழக்கு. சார் பெருமூச்சு விட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். நான் சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

வேலுசாமியின் மோட்டார் ரூமை அரைப் பர்லாங்குக்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிட்டது. வாசலில் புண்ணாக்குக் குவியல், உள்ளே திறந்த டிரம்மில் புங்க எண்ணெய். அந்தக் கசப்பு நாற்றத்துக்குள் எஞ்சின் புகை என்ன மணம் மணக்கிறது என்று எந்த மனுஷனாலும் சொல்ல முடியாது. சாருக்குப் பொடியால் மூக்கு எப்போதோ செத்துவிட்டதால் அவர் நிம்மதியாக நின்றார். எஞ்சின் திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது, தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

வேலுசாமி ஒல்லியான மனுஷன். கண்ணில் மட்டும் அப்படி ஒரு பிரகாசம். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டுவதுபோல எஞ்சினைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ரோட்டோரப் புங்கமரங்களை எல்லாம் கை நீட்டிக் காட்டி, நம்ம எண்ணெய் இங்கே நிக்கும்போது வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதுக்குக் காத்துக்கிடக்கணும் என்றார். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். நாங்கள் கேட்கவேயில்லை.

நான் டிரம்மில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். சுத்தமான புங்க எண்ணெய். அன்று இரவு சாப்பிட்ட பிரியாணிகூட அதன் ருசியாகத்தான் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்தது, சைக்கிளைத் திருப்பலாம் என்று சாரைப் பார்த்தேன். அவர் கிளம்புவதாக இல்லை.

டேங்கில் எண்ணெய் ஊற்றுவது யார் என்று கேட்டார். வீட்டுக்காரி முத்துப்பேச்சிதான் என்றார் வேலுசாமி. விடியுமுன்பே மடை வெட்ட இவர் வயலுக்குப் போய்விடுவார். அவள் வீட்டிலிருந்து டின்னில் கொண்டுவந்து ஊற்றி வைப்பாள். இவர் வந்து ஹேண்டிலைச் சுற்றுவார். டிரம்மில் இருப்பது வருகிறவர்கள் பார்ப்பதற்கு.

முதலிலிருந்தே ஓடியதா என்று சார் கேட்டதும் அந்தப் பிரகாசம் கொஞ்சம் குறைந்தது.

"எங்க சார். ரெண்டு வருசம் நாயா அலைஞ்சேன். தெனம் விடியக்காலம் அவ ஊத்தி வைப்பா, நான் சுத்துவேன். கை வலிச்சதுதான் மிச்சம், ஒரு தும்மல்கூடப் போடாது. காலையில கிளம்பாத எஞ்சினு எதுக்காகும்னு விட்டுட்டுப் போய்க் கஞ்சி குடிக்காமப் படுத்துருவேன். பொறத்தாலே இருந்த குழி நெலத்தை வித்த காசும் இதுலதான் போச்சு. கார்த்திகையிலதான் ஆத்தா கண்ணைத் தொறந்தா."

கார்த்திகையில் எண்ணெயில் என்ன மாற்றினீர்கள் என்றார் சார். ஒன்றும் மாற்றவில்லை, நேரம் வந்தது என்றார் வேலுசாமி. சார் தலையாட்டிக்கொண்டே வெளியே வந்தார். எனக்கு அந்த மனுஷன் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. சாரிடம் சொன்னேன். தனக்கும் தெரியவில்லை என்றும், அதுதான் இடிக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் பொடி போட்டார்.

கருப்புசாமியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குக் காலில் உயிரில்லை. வந்த டீயில் ருசியில்லை. ஒரு நாய் காலடியில் வந்து நின்றது. பன்னில் கொஞ்சம் பிய்த்துப் போட்டேன். இன்னொன்று வந்தது. அதற்கும் போட்டேன். நாலு நாய் கூடியதும் எனக்குப் பன் தீர்ந்துவிட்டது.

"கிதரு, உங்க பேகம்பூர் நாய் எப்படி இருக்கும்?" என்றார் சார்.

"பாதி ரோமம், பாதி புண்ணு. ஏன் சார், சம்பந்தம் பேசப்போறீங்களா?"

"இதுகளைப் பாரு."

பார்த்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த புதுமாப்பிள்ளை மாதிரி நாலும் மினுமினுவென்று நின்றன. ஒன்றின் மேலும் சொறி இல்லை. தெருவைப் பார்த்தேன். வெயிலில் படுத்துக்கிடந்த கிழட்டு நாய்க்கும் சொறி இல்லை. கட்டிக்கிடந்த மாட்டின் கழுத்தில் நுகத்தடிப் புண் இல்லை. தை மாசத்தில் ஒரு பிள்ளை காலிலாவது சிரங்கு இருக்கவேண்டுமே, அதுவும் இல்லை.

கருப்புசாமியைக் கேட்டால் பெருமையாகச் சொன்னார். முத்துப்பேச்சிக்குத் தாராள மனசாம். யார் போய் நின்றாலும் செம்பு செம்பாகப் புங்க எண்ணெய் ஊற்றிக் கொடுக்கிறாளாம். கார்த்திகையிலிருந்து ஊரே சொறி சிரங்குக்கு அதைத்தான் தடவிக்கொண்டிருக்கிறதாம். கேட்க ஆள் இல்லாத நாளில் தெருநாயைப் பிடித்து அவளே தேய்த்துவிடுகிறாளாம்.

சார் டீ கிளாசைக் கீழே வைத்தார். நாள் பூரா ஓடுகிற எஞ்சின் எவ்வளவு குடிக்கும் என்று என்னைக் கேட்டார். நம்மை விட அதிகமாகக் குடிக்கும் என்றேன். அப்படிக் குடிக்கிற எஞ்சினை வைத்திருக்கிறவள் ஒரு சொட்டு எண்ணெயை நாய்க்குக் கொடுப்பாளா என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சினுக்குப் போகாத எண்ணெய் எங்காவது போயாக வேண்டும். அது நாய் முதுகுக்குப் போகிறது.

"அப்படீன்னா டேங்குல ஊத்துறது வேற" என்றேன். "வாங்க சார், பொன்னழகு அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிருவோம்."

"நாயைச் சாட்சிக் கூண்டுல ஏத்தச் சொல்றியா?" என்று சார் கண்ணை மூடிக்கொண்டார். "வெளக்கு வைக்கிற நேரம் வரட்டும். செத்த நேரம் தூங்குறேன்."

டின்னைத் திறந்து பார்த்தால் போதாதா, விளக்கு வைக்கும்வரை எதற்குக் காத்திருக்கவேண்டும் என்று கேட்டேன். அடுத்தவர் வீட்டு டின்னைத் திறக்க நமக்கு யார் வாரண்டு கொடுத்தது என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். நான் நாய்களோடு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பொன்னழகு தேடிக்கொண்டு வந்துவிட்டாள். தரகன் சொல்லியனுப்பிவிட்டானாம், விடிந்ததும் முதல் வீடு அவள் வீடுதானாம். வேலுசாமியின் மோட்டார் ரூமில் போய் இருக்கும்படி சார் அவளை அனுப்பினார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முத்துப்பேச்சி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தபோது நாங்கள் வாசலில் நின்றோம். நாற்பது வயசுக்குள்தான் இருக்கும், ஆனால் தூங்கிப் பல மாசம் ஆனவள் மாதிரி முகம். உள்ளே சுவரோரம் ஒரு பானையும், பக்கத்தில் மூடி போட்ட தகர டின்னும் தெரிந்தன. பானையில் என்ன என்று சார் விசாரித்தார். புங்க எண்ணெய் என்றாள். டின்னில்? அதுவும் அதேதான், நாளைக் காலை எஞ்சினுக்கு எடுத்து வைத்தது என்றாள்.

சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அதில் நடிப்பு பாதிதான். தடவிக்கொள்ளப் பானையிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் கொடு தாயி என்றார்.

அவள் சங்கடப்பட்டாள். "வெளக்கு வச்சாச்சேய்யா. இனிமே எண்ணெய் வெளிய குடுக்கக்கூடாது. விடிஞ்சதும் வாங்க, செம்பு நெறையத் தாரேன்."

எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் எனக்குத் தெரியும். விளக்கு வைத்த பிறகு உப்போ எண்ணெயோ கேட்டுப் போய்ப் பக்கத்து வீடுகளில் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். கேட்டது தப்பு என்று நானே சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. சரி தாயி என்றுவிட்டு, இவன் சைக்கிள் செயின் ரொம்பக் கத்துகிறது, அந்த டின்னிலிருந்து ரெண்டு சொட்டு மட்டும் விடேன் என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. டின்னைச் சாய்த்துச் சிரட்டையில் ஊற்றிக்கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

சிரட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். முகர்ந்தேன். லாரி வாடை. தண்ணீர் மாதிரி ஓடியது. நிறத்துக்காகக் கொஞ்சம் புங்க எண்ணெய் கலந்திருந்தது, அவ்வளவுதான்.

சார் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டும் ஒரே எண்ணெய்னு சொன்னே. பானையில இருக்கறதை வெளக்கு வச்சப்புறம் தரமாட்டேங்கற. டின்னுல இருக்கறதைத் தந்துட்டே. அது எண்ணெய் இல்லேன்னு உன் கைக்குத் தெரியுது தாயி."

அவள் சிரட்டையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. இவ்வளவு நாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் தம்பி சடையாண்டி தோல் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். நத்தம் ரோட்டில் போகும்போதெல்லாம் லாரி டேங்கிலிருந்து டின் டின்னாக டீசல் வடித்துக் கொடுத்துவிட்டுப் போவான். அதைத்தான் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வேலுசாமிக்குத் தெரியாது. ரெண்டு வருஷமாக அந்த மனுஷன் தோற்றுத் தோற்றுப் படுத்துக்கொண்டதை அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் காலையில் முதல்முறையாக டீசலை ஊற்றியிருக்கிறாள்.

"அன்னைக்கு எஞ்சின் ஓடுனதும் வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னாருய்யா" என்றாள். "அதுக்கப்புறம் எப்படி நிறுத்துறது? நீங்களே சொல்லுங்க."

நான் சிரட்டையை நிலைப்படியில் அவள் பக்கத்தில் வைத்தேன்.

சார் பொன்னழகின் மாட்டைப் பற்றிச் சொன்னார். முத்துப்பேச்சிக்குப் புரியவில்லை. எந்த மாடு என்றாள். செக்கு மில் பற்றிப் புருஷன் ஊருக்குள் பேசியதெல்லாம் ஆம்பளைகளின் வெட்டிப் பேச்சு என்று நினைத்திருக்கிறாள். ஐந்து வீடு, அதில் ஒரு வீட்டு மாடு நாளை விடிந்தால் கைமாறுகிறது என்று கேட்டதும் எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் மோட்டார் ரூமை நோக்கி நடந்தாள். நாங்கள் சொல்ல வேண்டாம் என்றாள், அவளே சொல்வாளாம்.

எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. லாந்தர் வெளிச்சத்தில் வேலுசாமி பொன்னழகிடம் எதையோ ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சி அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல முடியாமல், எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார். எஞ்சினின் சத்தம் ஓய்ந்த அந்த மோட்டார் ரூமுக்குள் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

வேலுசாமி திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்" என்றாள்.

பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளுக்கு வேண்டியிருந்த பதில் கிடைத்துவிட்டது, ஆனால் அதைக் கேட்டு யார்தான் சந்தோஷப்பட முடியும். வேலுசாமி ஸ்பானரை எடுத்தார். டேங்கைத் திறந்து இருந்த டீசலையெல்லாம் தரையில் வடித்தார். நட்டைத் தளர்த்திக் குழாயில் நின்றதையும் வெளியேற்றினார். டிரம்மில் இருந்த புங்க எண்ணெயைக் கோரி டேங்கை நிரப்பி, குழாயின் வழியே அது கெட்டியாக வந்து சொட்டுகிறவரைக்கும் பிடித்துவிட்டு நட்டை இறுக்கினார்.

"நீங்க எல்லாரும் பாத்துக்கங்க. ஓடாது" என்றார். பொன்னழகின் பக்கம் திரும்பினார். "தாயி, நீயும் பாத்துக்க. அப்புறம் என்னை நம்பி யாரும் எதையும் விக்கவேணாம்."

அந்த மனுஷனுக்குத் தன் தோல்வியைச் சாட்சி வைத்துக் காட்டவேண்டும் என்று ஒரு வெறி. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் இருமியது. இன்னொரு சுற்று.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மிச்சம் மீதி டீசல்தான் ஓடுகிறது, இதோ நிற்கப்போகிறது என்று நான் காத்திருந்தேன். நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. வேலுசாமி ஹேண்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

சார் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்து உதறினார். நான் அவரோடு இருந்த வருஷங்களில் அந்த முகத்தில் சோர்வைத் தவிர வேறொன்றைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கொதிக்குது" என்றார். "ரெண்டு வருசமும் விடியக்காலம், பச்சை எஞ்சின்லதான் சுத்தியிருக்காரு. கெட்டி எண்ணெய், குளிர்ந்த இரும்பு. எப்படிப் பிடிக்கும்? இன்னைக்கு நாள் பூரா டீசல்ல ஓடிச் சூடேறி நிக்குது. இப்பப் பிடிச்சுக்கிச்சு."

முத்துப்பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் பொய் ஊற்றித்தான் அந்த எஞ்சின் சூடாகியிருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அவள் புருஷனுக்குப் புரிந்தது. ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். கோபம் மட்டும் இல்லை.

பொன்னழகுக்கு இந்தச் சூடு, குளிர்ச்சி எதுவும் வேண்டியதில்லை. விடிந்தால் வாசலில் தரகன். அவள் சாரைத்தான் பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, வேலுசாமியிடமே கேட்டாள்.

"அண்ணே, மாட்டை விக்கட்டுமா, வேணாமா?"

செக்கு மில்லுக்கு நாலு பங்கு ஏற்கனவே சேர்ந்திருந்தது. இது ஐந்தாவது. அவருடைய எண்ணெய் முதன்முதலாக, நெசமாகவே, கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. வேலுசாமி ஹேண்டிலைக் கீழே வைத்தார்.

"விக்காத தாயி" என்றார். "நாளைக்கு விடியக்காலம் இது கிளம்புமான்னு எனக்குத் தெரியாது."

மத்தியானம், அது பொய்யாக இருந்தபோது, குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்த அதே மனுஷன்தான். பொன்னழகு சரிண்ணே என்று தலையாட்டிவிட்டு, தரகனுக்கு ஆள் சொல்லிவிட வீட்டைப் பார்த்து நடந்தாள்.